உம்மா சொன்ன நோய்

முதல் தடவை நான் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை எழுதப் போனபோது, சாய்ந்தமருதில் எங்கள் தெருவில் அது தெரியாத வீடே இல்லை. உம்மாதான் காரணம். மீன் வாங்கிய இடத்தில் சொன்னார், தையல்காரி வீட்டில் சொன்னார், மதிலோரம் மேய்ந்த ஆட்டுக்கு மட்டும்தான் சொல்லவில்லை. மகள் வக்கீலுக்குப் படிக்கப் போகிறாள் என்று பரவியதும், எல்லை வேலி வழக்கு வைத்திருந்த ஒருவர் கோப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். நான் இன்னும் பரீட்சையே எழுதவில்லை என்றேன். பரவாயில்லை, நீ படித்து முடிக்கும் வரைக்கும் என் வழக்கும் முடியாது என்றார்.

நான் பாஸாகவில்லை.

உம்மா உடனே காரணம் கண்டுபிடித்தார். கண்ணூறு. யாருடைய கண் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. எதிர்வீட்டு மாமிதான். மாமி என்றால் சொந்தமில்லை, தெருப் பழக்கத்தில் மாமி. நான் கொழும்புக்குப் புறப்பட்டபோது அவர் கேற்றடியில் நின்று 'என்ன கெட்டிக்காரப் புள்ள' என்று சொன்னாராம். கண் படாமலிருக்கச் சொல்லும் 'மாஷா அல்லாஹ்'வை அதோடு சேர்க்கவில்லையாம். பக்கத்தில் நின்ற எனக்கு அது ஞாபகமே இல்லை. ஆனாலும் தீர்ப்பு வந்துவிட்டது. சட்டம் படிக்க ஆசைப்பட்டது நான், நீதிபதி ஆசனத்தில் இருந்தது உம்மா.

உண்மையான காரணம் எனக்குத் தெரியும். பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைப் புரட்டிய கொஞ்ச நேரத்தில் என் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. அடித்தது என்றால் சும்மா இல்லை, முன்னால் இருப்பவருக்குக் கேட்டுவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு. கை குளிர்ந்தது. விரல் நுனியெல்லாம் மரத்துப் போனது. மூச்சை எவ்வளவு இழுத்தாலும் பாதியில் நின்றது. எழுத்துகள் தெரிந்தன, ஆனால் ஒரு வசனம்கூட விளங்கவில்லை. சாகப் போகிறேன் என்று நினைத்தேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, மெய்யாகவே நினைத்தேன். மேசையில் குனிந்து, சாகும் நேரம் சொல்லும் கலிமாவைச் சொல்லிக்கொண்டேன். மணி அடித்து தாளை வாங்கிக்கொண்டு போன பிறகு எல்லாம் தானாக அடங்கிவிட்டது. வெளியே காத்திருந்த மாமா, உம்மாவின் தம்பி, எப்படி என்று கேட்டார். வினா கஷ்டம் என்றேன்.

வேறு என்ன சொல்வது? வீட்டிலே என் பெயர் வாய்க்காரி. யாரோடும் எதற்கும் வாதாடி வெல்பவள். அப்படிப்பட்டவள் ஒரு கடதாசிக்குப் பயந்து செத்துப் பிழைத்தாள் என்று யாரிடம் சொல்ல? அதோடு இன்னொரு பயமும் இருந்தது. எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்குக் காய்ச்சல் வரலாம், அப்பெண்டிக்ஸ் வெட்டலாம். மனதில் ஏதும் வந்தது என்று ஒரு தடவை வெளியே போய்விட்டால், அது அவளுக்குக் கல்யாணம் பேசும்போதும் முன்னால் போய் நிற்கும். அதனால் விழுங்கிக்கொண்டேன். விழுங்கிய நாளிலிருந்து அது திரும்ப வருமோ என்ற பயம் என்னை விட்டுப் போகவில்லை.

இரண்டாம் தடவைக்கு உம்மா புதுச் சட்டம் போட்டார். ஒருவருக்கும் சொல்லக்கூடாது. பக்கத்து வளவில் இருக்கும் தன் தங்கச்சி, என் சாச்சிக்குக்கூட இல்லை. அறிந்தவர்கள் மூன்றே பேர்: உம்மா, நான், கத்தாரில் லொறி ஓட்டும் வாப்பா. நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு காதில் வயரைச் செருகி போனில் வகுப்புக் கேட்டேன். பழைய வினாத்தாள்களைச் செய்து பார்த்தேன். கல்யாண வீட்டுக்குப் போகவில்லை, பெருநாளைக்கு உடுப்பு எடுக்கக் கல்முனைக் கடைத்தெருவுக்கும் போகவில்லை. வாய்க்காரியின் வாய் திடீரென்று கேட்காமல் போனால் தெரு சும்மா இருக்குமா? ஒரு நாள் எதிர்வீட்டு மாமி கேற்றுக்கு வெளியே நின்றபடி, மகளைக் காணவே கிடைக்கவில்லையே, ஏன் என்று கேட்டார்.

நான் ஜன்னலுக்கு உள்ளே இருந்தேன். உம்மா ஒரு மூச்சுத்தான் தயங்கினார்.

"அவளுக்குச் சுகமில்ல கா. நெஞ்சு படபடக்குதாம். கை கால் குளிர்ந்து போகுதாம். கொழும்புக்குக் கொண்டு காட்டப் போறம்."

எனக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் தெரிந்ததை உம்மா தெருவில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார். தெரிந்துவிட்டதா? மாமா ஏதும் கண்டு சொன்னாரா? உள்ளே வந்ததும் உம்மாவிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். குரல் நடுங்கியதை அவர் கவனிக்கவில்லை. காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்ப்பார்கள், வயிற்றுவலி என்றால் மருந்து சொல்வார்கள், நெஞ்சு படபடப்பு என்றால் யாரும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, கொழும்புக்குப் போவதற்கும் காரணமாகிவிட்டது என்றார். தன் கெட்டித்தனத்தில் அவருக்கே பெருமை தாங்கவில்லை.

ஒன்றை மட்டும் உம்மா மறந்துவிட்டார். நாங்கள் இருப்பது சாய்ந்தமருதில். நோயாளியைப் பார்க்கப் போவது நன்மையான காரியம், போகாமல் விடுவது பேச்சுக்கு இடமான காரியம். மறுநாள் பின்னேரம் அசர் தொழுகை முடிந்ததும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

தோடம்பழம் வந்தது, வத்தகப்பழம் வந்தது, செவ்விளநீர் குலையோடு வந்தது. சாச்சி அழுதுகொண்டே வந்தார், தனக்கு முதலில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு ஒரு மூலையில் இருந்தார், ஆனால் போகவில்லை. உம்மா என்னைக் கட்டிலில் படுக்கவைத்துப் போர்வையால் மூடினார். அரசியலமைப்புப் புத்தகம் மெத்தைக்குக் கீழே, வினாத்தாள்கள் தலையணைக்குக் கீழே. வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்து என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு கதைத்தார்கள். என்ன கதை? மருதமுனையில் ஒரு பிள்ளை இப்படித்தான் நெஞ்சு படபடக்குது என்று சொன்னதாம், விடிய சுபஹுத் தொழுகைக்கு எழும்பவில்லையாம். அக்கரைப்பற்றில் ஒரு மாஸ்டர் வகுப்பில் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபடியே சரிந்தாராம். ஒவ்வொரு மௌத்தும் என் கட்டிலடியில் வந்து நின்றது. சுகம் விசாரிக்க வந்தவர்கள் 'அல்லாஹ் ஷிபாவைத் தருவான்' என்று சொல்லி எழும்பிப் போகும்போது, நான் போர்வைக்குள் கையை விட்டு நாடியைப் பிடித்துப் பார்ப்பேன். நாடி ஓடிக்கொண்டிருக்கும். ஏன் இப்படி ஓடுகிறது என்று நினைத்ததும் இன்னும் கூட ஓடும்.

கல்முனையில் இத்தனை டாக்டர்மார் இருக்கும்போது கொழும்புக்கு என்னத்துக்கு என்று ஒருவர் கேட்டார். அங்கேதான் மெசின் இருக்கிறதாம் என்றார் உம்மா. என்ன மெசின் என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை.

கதை கத்தாருக்கும் போய்விட்டது. வாப்பாவோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் ஊர்க்காரர் ஒருவர், மகளுக்கு ஹார்ட்டாமே என்று கேட்டிருக்கிறார். வாப்பா லொறியை ஓரங்கட்டிவிட்டு வீட்டுக்குப் போன் எடுத்தார். போனுக்குள் அவர் மூச்சு வாங்குவது எனக்கும் கேட்டது. பரீட்சையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பிள்ளையின் உயிர்தான் வேணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உம்மா சிரித்துச் சிரித்து விஷயத்தைச் சொல்லி முடிக்க, அவர் ஒரு பாட்டம் ஏசினார். பிறகு அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எவ்வளவு நிம்மதி இருந்தது என்றால், உம்மா போனை என்னிடம் தந்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆனால் எனக்குள் ஒரு பயம் இரண்டாகியிருந்தது. இல்லாத நோயை இருக்கிறது என்று சொன்னால் அல்லாஹ் அதைத் தந்துவிடுவான் என்று சின்ன வயதில் மதரசாவில் கேட்டிருந்தேன். உம்மாவும் கேட்டிருப்பார் போல, தொழுது முடித்து வழமையை விட நீளமாகக் கையேந்தினார், பள்ளிவாசல் உண்டியலில் என் பெயருக்கு சதகா போட்டார். நானோ வேறு கணக்கில் குழம்பினேன். நோய் முதலில் வந்தது, பொய் பிறகு வந்தது. அப்படியென்றால் இது தண்டனை இல்லை. ஆனால் பொய்க்குப் பிறகு நோய் கூடிவிட்டதே, அது? எனக்கு நானே வாதாடி எனக்கு நானே தோற்றேன். படித்தது ஒன்றும் தலையில் நிற்கவில்லை. சோறு தொண்டையால் இறங்கவில்லை. வெறும் பிளேன்ரீயில் நாள் போனது.

ஒரு பின்னேரம் ஆட்கள் எல்லோரும் போன பிறகு, உம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் குடிக்கப் போனேன். கோப்பையை எடுத்தேன், அது வந்துவிட்டது. மண்டபத்தில் வந்தது போலவேதான். நெஞ்சு, கை, மூச்சு, எல்லாம். கோப்பையை வைக்க இடம் தெரியவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, உம்மா, எனக்கு ஏலாது, நெஞ்சு படபடக்குது என்றேன்.

உம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. செதில் பறந்துகொண்டிருந்தது.

"ஆக்கள் போயிட்டாங்க புள்ள. இனி நடிக்கத் தேவையில்ல."

அந்த வசனத்தை விடப் பயங்கரமான ஒன்றை நான் இன்று வரைக்கும் கேட்டதில்லை. உம்மாவில் எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. நான் தரையில் குந்திவிட்டேன். இடத்தை மறைக்காமல் எழும்பு என்று உம்மா சொன்னார். கொஞ்ச நேரத்தில் அது தானாக அடங்கியது. நான் எழும்பி அறைக்குப் போய், ஆட்கள் இல்லாத கட்டிலில் நோயாளி போலவே படுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் எதிர்வீட்டு மாமி தனியாக வந்தார். கண்ணூறு வழக்கின் குற்றவாளி. கையில் ஒரு சின்னச் சட்டியில் கஞ்சி. உம்மா முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, கதிரையைப் போட்டுவிட்டு, கதவடியிலேயே காவல் நின்றார். மாமி மற்றவர்கள் போல மௌத்துக் கதை சொல்லவில்லை. என்ன செய்யுது புள்ள என்று மட்டும் கேட்டார்.

எனக்கு என்ன வந்ததோ, சொல்லிவிட்டேன். ஒன்றும் மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு பாதியில் நிற்பதை, விரல் மரப்பதை, கலிமா சொல்லிக்கொண்டதை, திரும்ப வருமோ என்று பயந்து பயந்தே அது வருவதை. பரீட்சை என்ற சொல்லை மட்டும் எடுக்கவில்லை. அதை மறைத்ததைத் தவிர ஒரு பொய்யும் அதில் இல்லை. சொந்த உம்மா நம்பாததை, கண் வைத்தவர் என்று உம்மா சந்தேகிக்கும் மனுஷியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உம்மா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமி கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எனக்கும் இரிக்கி. கடல் ஊருக்குள்ள வந்த பிறகு. தண்ணித் தாங்கி நிரம்பி வழியிற சத்தம் கேட்டாப் போதும், நெஞ்சு கிடந்து அடிக்கும். இப்பதான் சாகப் போறன் எண்டு ஒவ்வொரு முறையும் நினைப்பன். இன்னும் சாகல்ல, பாரன்."

அவர் இருபது வருஷமாக எங்களுக்கு எதிரே இருக்கிறார். அவர் வீட்டில் தண்ணீர் மோட்டரைப் போட்டு, தாங்கி நிரம்பும் முன்பே ஓடிப்போய் நிறுத்துவதை நாங்கள் பார்த்துச் சிரித்திருக்கிறோம், கரண்ட் பில்லுக்குப் பயம் என்று. அவர் எழும்பும்போது என் தலையில் கை வைத்தார். 'மாஷா அல்லாஹ், கெட்டிக்காரப் புள்ள, ஒண்டும் ஆகாது' என்றார். மாஷா அல்லாஹ்வை அவர் முதல் சொல்லாகவே சொன்னார்.

அவர் கேற்றைத் தாண்டியதும் உம்மா உள்ளே வந்தார். கண் கலங்கியிருந்தது. ஒரு கணம் எனக்கு நம்பிக்கை வந்தது.

"நீ வக்கீலாத்தான் வருவாய்," என்றார். "அந்த மாதிரிச் சொன்னாய். எனக்கே அழுகை வந்துட்டு."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். என்றாலும் பொய் சொல்வானேன், அன்று பின்னேரம் அந்தக் கஞ்சி தொண்டையால் இறங்கியது. பாயில் குந்தியிருந்து ஒரு வினாத்தாளை முழுதாகச் செய்தேன். வெளியே போன வார்த்தை கொஞ்சம் பாரத்தைக் கொண்டு போயிருந்தது. பிறகு வந்தவர்களிடமும் கேட்டால் உள்ளதையே சொன்னேன். என் நடிப்பை உம்மா ஒவ்வொரு நாளும் மெச்சினார்.

பரீட்சைக்கு முந்தின நாளே நானும் உம்மாவும் கொழும்பு வந்து ஓர் அறையில் தங்கினோம். காலையில் பரீட்சை நடக்கும் இடத்தின் வாசலில் கூட்டம். பிள்ளைகள் கடைசி நேரத்தில் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டும், தகப்பன்மார் தண்ணீர்ப் போத்தலோடும் நின்றார்கள். உம்மா கையில் ஓதி ஊதிய தண்ணீர். அதை எனக்குத் தரக் கையை நீட்டினார். நான் வாங்கப் போனேன், என் கை ஆடியது. வந்துவிட்டது. இந்த முறை உள்ளே போகும் முன்பே வந்துவிட்டது.

உம்மா என் கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. என் விரல்களைத் தன் விரல்களால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு, எனக்கு இன்றும் மறக்கவில்லை, சுற்றுமுற்றும் பார்த்தார். எங்கள் ஊர் ஆட்கள் யாரும் அங்கே இல்லை. நடித்துக் காட்டுவதற்கு அங்கே ஒருவரும் இல்லை.

"மெய்தானா?" என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

"போன முறையும்?"

அதற்கும் தலையாட்டினேன். உம்மாவின் உதடு வெளுத்துப் போனது. என்னை விட அவர் பயந்துவிட்டார். வா, போவம், பரீட்சை என்ன பெரிய பரீட்சை, டாக்டரிடம் போவம், அப்படித்தானே ஊருக்குச் சொல்லிவிட்டு வந்தோம் என்று என் கையைப் பிடித்து ரோட்டுப் பக்கம் இழுத்தார். நான் இழுபட்டு நாலு அடி போனேன். போயிருப்பேன், அல்லாஹ் அறிய, அந்த நேரம் எனக்கு ஓடத்தான் ஆசை. ஆனால் ஓடினால் அடுத்த வருஷமும் இதே வாசல், இதே நெஞ்சு. டாக்டர் பின்னேரமும் இருப்பார் உம்மா என்று மட்டும் சொன்னேன். கையை உருவிக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே அது போகவில்லை. அது போய்விட்டது, நான் சிங்கம் போல எழுதினேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. முதல் பக்கம் விளங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் சாகல்ல, இன்னும் சாகல்ல என்று மாமியின் குரலில் சொல்லிக்கொண்டேன். பிறகு இரண்டாம் பக்கத்தில் தெரிந்த ஒரு வினாவிலிருந்து தொடங்கினேன். கை நடுங்கியதில் என் எழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. சில இடங்களை வெறுமையாக விட்டேன். மணி அடிக்கும் வரைக்கும் எழும்பாமல் இருந்தேன். அவ்வளவுதான் என் வீரம்.

பிறகு முடிவு வந்தபோது பாஸ். கடைசி ஆட்களில் ஒருத்தியாக, ஆனால் பாஸ். ஊர் அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. நோயும் மாறி, வக்கீல் படிப்பும் கிடைத்துவிட்டது, எல்லாம் நாங்கள் கேட்ட துஆ என்று சாச்சி தெருவெல்லாம் சொன்னார். உம்மா எதிர்வீட்டுக்கு வட்டிலப்பம் கொண்டு போனார். வேலி வழக்குக்காரர் திரும்பவும் கோப்போடு வந்தார். இப்போதும் ஒவ்வொரு பரீட்சைக்கு முன்னும் அது வருகிறது. மருந்தும் இருக்கிறது, கதைப்பதற்கு ஆளும் இருக்கிறது, பயமும் இருக்கிறது.

ஆனால் நான் நினைத்துக்கொண்டிருப்பது அந்தப் பரீட்சை நாளின் பின்னேரத்தைத்தான். வெளியே வந்தபோது உம்மா காலையில் விட்ட அதே இடத்தில், வெயிலுக்குள், தண்ணீர்ப் போத்தலைத் திறக்காமல் பிடித்தபடி நின்றார். எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. ஓட்டோ ஒன்றை மறித்தார். கொழும்பில் ஒரு டாக்டரிடம், ஊருக்குச் சொன்னபடியே, என்னைக் கொண்டுபோனார்.

தமிழ் கதைக்கும் டாக்டர். என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, என்ன பிரச்சினை என்று உம்மாவிடம் கேட்டார். நான் உம்மாவைப் பார்த்தேன். தெருவில் ஆயிரம் பேருக்குத் தடக்கில்லாமல் சொன்ன வசனம் அது.

"புள்ளைக்கு நெஞ்சு படபடக்குதாம் டாக்டர். கை கால் குளிர்ந்து..." என்று தொடங்கினார். அதற்கு மேலே வரவில்லை. முந்தானையை வாயில் அமத்திக்கொண்டார்.

"இவள் எனக்கிட்டச் சொன்னாள் டாக்டர்," என்றார் உம்மா. "மீன் வெட்டிக்கொண்டு இருந்தன். நான் நம்பல்ல."